ஒரே பண்ணை வீட்டில் 12 நாள்: உம்ப்ரியாவில் சலித்துவிடுமா?

"இத்தாலியில் ஒரே பண்ணை வீட்டில் 12 நாள் தங்கினால் சலித்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 63 வயது, துணைவியாருக்கு 59. அவருக்கு முழங்காலில் லேசான வலி. இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். கார் ஓட்ட மாட்டீர்கள். அக்டோபரில் போய், தினமும் கொஞ்சம் நடந்து, முடிந்தால் ஆலிவ் அறுவடையில் கை கொடுத்து, நிதானமாக இருந்துவிட்டு வர ஆசை. மகனோ ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று பத்து நாளில் ஏழு ஊரைக் காட்டும் டூரில் போகச் சொல்கிறார். இவ்வளவையும் படித்தபோது, சலிப்பைப் பற்றி மட்டும் நீங்கள் கேட்கவில்லை என்று பட்டது. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம், சேமித்த பணம், அதில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பிவிடுவோமோ என்ற தயக்கம்தான் உள்ளே இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் கோவையில் தோட்டக்கலை படித்துவிட்டு, ஆலிவ் மரக் கவாத்து பற்றி ஆராய்ச்சி செய்ய, இத்தாலியின் நடுவே இருக்கும் உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகர் பெரூஜாவுக்கு வந்தவள். 14 ஆண்டுகளாக உம்ப்ரியாவில் இருக்கிறேன். இப்போது சிறு விவசாயிகளுக்குத் தோட்ட ஆலோசனை சொல்வது தொழில். அந்த விவசாயிகளில் பலர் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு வாடகைக்கு விடுபவர்கள் என்பதால், யார் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள், யார் மூன்றாம் நாளே கிளம்பப் பார்க்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் சொல்வது அசிசிக்கும் ஸ்போலேத்தோவுக்கும் நடுவே உள்ள ஆலிவ் சரிவுகளுக்குப் பொருந்தும். ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். சுருக்கமான பதில்: வீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சலிக்காது. தவறாகத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு அழகான இடமானாலும் நான்காம் நாள் மூச்சு முட்டும். கார் இல்லாத உங்களுக்கு அந்த வேறுபாடு முழுக்க முழுக்க நடை தூரத்தில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. படத்தில் பார்த்துப் பதிவு செய்த வீடு, படத்தைவிட நேரில் இன்னும் அழகாக இருந்தது. குன்றின் உச்சி, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஆனால் அருகிலிருந்த ஊர் ஏழு கிலோமீட்டர் தள்ளி, சரளைக்கல் பாதையில். பால் வாங்க வேண்டுமானாலும் டாக்சி. டாக்சியோ ஊரில் ஒன்றோ இரண்டோதான். வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் கொண்டுபோய் விடுகிறீர்களா?" என்று கேட்கக் கூச்சம். ஐந்தாம் நாள் அவர்கள் ரோமுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் குறை எதுவும் இல்லை; கார் வைத்திருப்பவருக்கு அது சொர்க்கம்தான்.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் இது: வீட்டு வாசலிலிருந்து ரொட்டிக் கடைக்கு நடந்தே போய்வர முடிய வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குள், பெரிய சாலையைத் தொடாமல். இந்தப் பகுதியின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். பழைய ஊர்கள் குன்றின் மேல் இருக்கும். ரயில் நிலையங்கள் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும். அசிசி ரயில் நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் கீழே. த்ரேவியிலும் அப்படித்தான், நிலையத்தில் இறங்கி அண்ணாந்துதான் ஊரைப் பார்க்க வேண்டும். ஸ்பெல்லோ மட்டும் விதிவிலக்கு. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஊரின் கீழ் வாசலான ரோமானியக் காலத்துக் கல் வாயிலுக்கு வந்துவிடலாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் ஸ்பெல்லோவைச் சுற்றித்தான் வீடு தேடுவேன். இன்னொன்று: எவ்வளவு தூரம் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "ஐந்து நிமிடம்" என்பார்கள். அது காரில் ஐந்து நிமிடம். தினமும் காரிலேயே போய்வருபவர்களுக்கு நடை தூரம் மறந்துபோயிருக்கும். "நடந்து எத்தனை நிமிடம், வழியில் ஏற்றம் எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று காட்டும் இடத்தில் 200 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கலாம்.

அடுத்து, பண்ணை வீடு என்று விளம்பரம் செய்யும் எல்லாமே பண்ணை வீடு ஆகாது. இத்தாலியில் 'அக்ரிதூரிஸ்மோ' என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதை முதலில் வரையறுத்தது. 2006இல் வந்த புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: அந்தக் குடும்பத்துக்கு விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும்; விருந்தினரைத் தங்கவைப்பது அதை ஒட்டிய துணைத் தொழில். வெறும் ஓய்வு மாளிகையை வாடகைக்கு விடுபவர் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. தவிர, 2025 முதல் சுற்றுலாவுக்கு விடப்படும் எல்லாத் தங்குமிடங்களுக்கும் தேசிய அடையாளக் குறியீட்டு எண் கட்டாயம். விளம்பரத்தில் CIN என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பிறகு அந்த எண் இருக்கும். அது இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

சட்டத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், உங்களுக்கு வேண்டிய நிதானம் அந்த வீட்டில் நடக்கும் வேலையிலிருந்துதான் வருகிறது. நீச்சல் குளத்தோடு நிற்கும் மாளிகையில் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. உழைக்கும் வீட்டிலோ ஒருவர் வலை விரித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் விறகு அடுக்குவார், பாட்டி கோழிக்குத் தீனி போடுவார். நீங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாலே போதும், பேச்சு தொடங்கிவிடும்.

அந்த வீடுகளின் வரலாறு நம் காவிரிப் படுகைக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். மேல்வாரம், குடிவாரம் என்று நாம் சொல்வதுபோல இங்கே 'மெத்ஸத்ரியா' என்ற முறை பல நூற்றாண்டுகள் இருந்தது. பெயரிலேயே பாதி என்ற பொருள் இருக்கிறது. நிலமும் வீடும் ஆண்டைக்குச் சொந்தம், உழைப்பு குடியானவருக்கு, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. பதினைந்து இருபது பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் ஒரே கல் வீட்டில் இருக்கும். கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு. குளிர்காலத்தில் கீழே கட்டியிருக்கும் வெள்ளை உழவு மாடுகளின் உடற்சூடு மேலே ஏறும் என்பது ஒரு காரணம். 1950களிலும் 60களிலும் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போக, வீடுகள் காலியாயின. 1964இல் இப்படி விளைச்சலைப் பங்கிடும் புதிய ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. கூரை சரிந்து கிடந்த அந்த வீடுகளில் பல பின்னாளில் புதுப்பிக்கப்பட்டு இன்று விருந்தினர் வீடுகளாக நிற்கின்றன. உங்களுக்குக் கீழ்த்தள அறை கிடைத்தால், ஜன்னல் சிறியதாகவும் சுவரில் இரும்பு வளையம் பதித்தும் இருந்தால், அது தொழுவமாக இருந்த அறை. துணைவியாரின் முழங்காலை நினைத்து நீங்கள் கீழ்த்தளத்தையே கேட்டு வாங்குங்கள். மேல்தளத்துக்கு வெளிப்புறமாகக் கல் படிக்கட்டு இருக்கும். மழையில் அது வழுக்கும்.

இப்போது பருவம். அக்டோபர் நல்ல தேர்வு, ஆனால் மாதத்தின் எந்தப் பகுதி என்பது முக்கியம். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நடக்கும் நேரம் சட்டென்று சுருங்கும். மழையும் நவம்பரை நெருங்க நெருங்கக் கூடும். எனவே அக்டோபர் 10 வாக்கில் வந்து, கடிகாரம் மாறும் முன் கிளம்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 12 நாளில் மூன்று நான்கு நாள் மழை இருக்கும் என்றே கணக்குப் போடுங்கள். இரவில் கல் வீடு குளிர்ந்துவிடும். அறையைச் சூடாக்கும் செலவைப் பல வீடுகளில் வாடகைக்கு மேல் தனியாக வாங்குவார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆலிவ் அறுவடையைப் பொறுத்தவரை உறுதி எதுவும் தர முடியாது. இந்தச் சரிவுகளில் பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் முழுக்கப் போகும். ஆனால் மரம் ஓராண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு குறைவாகக் காய்ப்பது அதன் இயல்பு. நம் மாமரம் போலத்தான். ஈயின் தொல்லையும் உண்டு. 2014இல் கோடை குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்ததால் ஆலிவ் ஈ பெருகி, இத்தாலியின் நடுப்பகுதியில் பல தோட்டங்களில் வலையை விரிக்கவே இல்லை. ஆகவே அறுவடை கிடைத்தால் கூடுதல் மகிழ்ச்சி என்று வாருங்கள். அதற்காகவே பயணத்தைக் கட்டாதீர்கள்.

கிடைத்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இது நான் மிகவும் விரும்பும் வேலை. காலைப் பனி காய்ந்த பிறகு மரத்தடியில் வலையை விரிப்பார்கள். சரிவான நிலம் என்பதால் வலையின் கீழ் ஓரத்தைக் குச்சிகளால் தூக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காய் பக்கத்துத் தோட்டத்துக்கே உருண்டுவிடும். சீப்புப் போன்ற சிறிய கை வாரியால் கிளையைக் கோதினால் காய்கள் உதிரும். பழகியவர் ஒரு நாளில் எண்பது நூறு கிலோ சேர்ப்பார். முதல் நாள் உங்களால் ஒரு பெட்டி நிரப்ப முடிந்தால் அதுவே நல்ல வேலை. மரங்களைக் கவனியுங்கள்: பல இடங்களில் ஒரே வேரிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் வட்டமாக எழுந்திருக்கும். அது நட்ட முறை அன்று. 1985 ஜனவரியில் வந்த கடும் உறைபனியில் மரங்கள் கருகிப்போக, அடியோடு வெட்டிவிட்டார்கள். வேர் சாகவில்லை, பக்கத்துளிர் விட்டது. இன்று நீங்கள் காய் பறிப்பது அந்தத் துளிர்களில்தான். த்ரேவிக்கு அருகே பொவாராவில் 1,700 ஆண்டு வயதானது என்று ஊரார் சொல்லும் ஓர் ஆலிவ் மரம் இருக்கிறது. மிகப் பழைய மரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனை ஆண்டு என்பது ஒரு புனிதரின் கதையோடு சேர்ந்து வந்த மரபு. ஆலிவ் முதிர முதிர நடுத்தண்டு பொள்ளாகிவிடுவதால் ஆண்டு வளையம் எண்ணி வயது சொல்ல வழியில்லை.

மாலையில் பெட்டிகளைச் செக்குக்கு எடுத்துப்போவார்கள். கூடப் போக அனுமதி கேளுங்கள், எந்த விவசாயியும் மறுக்க மாட்டார். பறித்த காய் குவிந்து கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அதனால் ஒரு நாளைக்குள் அரைத்துவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் செக்குகள் நள்ளிரவு வரை ஓடுவது அதனால்தான். இங்கும் குவிண்டால் கணக்குத்தான், சொல்லும் கிட்டத்தட்ட அதேதான். நூறு கிலோ காய்க்கு ஏறக்குறைய 13, 15 கிலோ எண்ணெய் இறங்கும். 27 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் எடுத்தால்தான் குளிர் முறை என்று புட்டியில் எழுதலாம். புது எண்ணெய் கரும்பச்சையாகக் கலங்கியிருக்கும், தொண்டையில் மிளகு போலக் காரும். அது கெட்டுப்போன அடையாளம் என்று நினைத்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணெயின் அடையாளமே அந்தக் காரல்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. விருந்தினராக ஒன்றிரண்டு மணி நேரம் உடன் நின்று பறிப்பது வேறு; உழைப்புக்கு ஈடாக அறை என்று பேசிக்கொள்வது வேறு. சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. விவசாயிக்கும் சிக்கல் உண்டு: நெருங்கிய உறவினர் அல்லாதவர் கூலியின்றித் தோட்டத்தில் உழைத்தால், ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் காட்டாத வேலையாக எடுத்துக்கொள்ளலாம். யாராவது உங்களை ஏணியில் ஏற வேண்டாம் என்று தடுத்தால் மனம் வருந்தாதீர்கள். அவர் தன்னையும் உங்களையும் காப்பாற்றுகிறார்.

நடைக்கு வருகிறேன். ஸ்பெல்லோவில் தங்கினால் முதல் நடையாக நான் சொல்வது கொல்லெபீனோ என்ற சிற்றூர் வரை போகும் ரோமானியக் கால்வாய்ப் பாதை. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பழைய நீர்க் கால்வாயை ஒட்டியே போகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று மிக மெல்லிய சரிவில் கட்டியது, இரண்டாயிரம் ஆண்டு கழித்து முழங்கால் வலிக்காரருக்கு உதவுகிறது. கடைசியில் ஊருக்குள் ஏறும் பகுதி மட்டும் செங்குத்து. அங்கே தயங்கினால் திரும்பிவிடுங்கள், பாதையின் அழகு அதற்கு முன்பே கிடைத்துவிடும். சமதளம் வேண்டுமானால் பள்ளத்தாக்கில் ஸ்போலேத்தோவிலிருந்து அசிசி வரை ஓடைகளை ஒட்டிச் செல்லும் சைக்கிள் பாதை இருக்கிறது, மொத்தம் 50 கிலோமீட்டர். மோட்டார் உதவும் சைக்கிளை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்பலாம். புனித பிரான்சிஸ் பெயரிலான யாத்திரைப் பாதையும் இதே சரிவில் ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. அதில் ஸ்பெல்லோவிலிருந்து அசிசி வரையிலான பகுதியைக் காலையில் தொடங்கி நடந்துவிட்டு ரயிலில் திரும்புபவர்கள் உண்டு. உங்கள் இருவருக்கும் அது அதிகம் என்று நினைக்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும். நான் மருத்துவர் இல்லை. துணைவியாரைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் கேட்டு, இரண்டு நடைக் கோல்களோடு ஊரிலேயே இரண்டு மாதம் பழகச் சொல்லுங்கள். மொட்டைமாடிப் படிகளே போதும்.

மலைப்பாதைகளில் சிவப்பு வெள்ளை சிவப்பு என்று வண்ணம் தீட்டி எண் எழுதியிருப்பார்கள். கால் மணி நேரமாக அந்த அடையாளம் கண்ணில் படவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். அக்டோபர் வேட்டைக் காலம் என்பதை எந்தச் சுற்றுலா விளம்பரமும் சொல்லாது. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதி வரை காடுகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுவதும் வேட்டைக்குத் தடை. காட்டுப் பாதை நடையை அந்த இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் தோட்டப் பாதையும் ஊர்ச் சாலையும். பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். மேலே மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். ஓடாதீர்கள், கோலை ஓங்காதீர்கள், மந்தையைச் சுற்றி அகலமாக விலகிப் போங்கள்.

நான்காம் நாளைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் எல்லாம் புதிது. நான்காம் நாள் மழை பெய்யும், புத்தகம் கையில் நிற்காது, "அந்த டூரிலேயே போயிருக்கலாமோ?" என்று தோன்றும். வரும் விருந்தினரில் பெரும்பாலோருக்கு இது நடக்கிறது. ஆறாம் நாள் வாக்கில் ரொட்டிக் கடைக்காரப் பெண் உங்களைக் கேட்காமலேயே நீங்கள் வழக்கமாக வாங்குவதை எடுத்து வைப்பார். வாரச் சந்தையில் செலரி விற்கும் கிழவர் தலையசைப்பார். அங்கிருந்துதான் இந்த விடுமுறை தொடங்குகிறது. அதனால்தான் ஐந்து நாள் மட்டும் பண்ணை வீடு என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வது. உங்கள் 12 நாள் சரியான அளவு. இடையே அசிசிக்கு ஒரு முழு நாள் போய்வாருங்கள். ஸ்பெல்லோவிலிருந்து ரயிலில் பக்கம்தான். பெரூஜாவும் அதே பாதையில் இருக்கிறது. மகனின் பேச்சுக்கும் மதிப்புக் கொடுத்துக் கடைசி இரண்டு இரவை ரோமில் வைத்துக்கொண்டால் கொலோசியத்தையும் பார்த்துவிடலாம், அங்கிருந்தே விமானம். காகித ரயில் டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள். மறந்தால் அபராதம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் அநேகமாக இருக்காது.

சாப்பாட்டில் நீங்கள் நினைப்பதைவிட எளிது, ஆனால் சில இடங்களில் கண்ணி உண்டு. இங்கே தோசைக்கல் போன்ற தட்டையான கல்லில் சுடும் 'தோர்த்தா அல் தெஸ்தோ' என்ற ரொட்டி கிடைக்கும். சில வீடுகளில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். புது பாஸ்தா என்றால் பெரும்பாலும் முட்டை உண்டு. உம்ப்ரியாவின் 'ஸ்த்ரங்கோத்ஸி' மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் செய்வது, கடையில் விற்கும் காய்ந்த பாஸ்தாவும் பெரும்பாலும் முட்டை இல்லாதது. மண்ணுக்கடியில் விளையும் 'ட்ரஃபிள்' என்ற கறுப்புக் காளானில் செய்த குழம்பு என்று மகிழ்ந்து வாங்கினால் அதில் நெத்திலி அரைத்திருக்கலாம். பார்மிஜானோ சீஸையும் பெரும்பாலான பெக்கொரீனோ சீஸையும் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கிறார்கள். அது உங்களுக்கு ஒப்புமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் மனத்தில் பன்றித் தொடைக்கறி அதில் அடங்காது. "நியென்தே கார்னே, நியென்தே ப்ரோஷூத்தோ, நியென்தே பேஷே, நியென்தே உவோவா" என்று எழுதி வைத்துக் காட்டுங்கள்: இறைச்சி, தொடைக்கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம்.

எப்படியிருந்தாலும் சமையலறை உள்ள வீட்டையே எடுங்கள். புளியும் மிளகாய்ப் பொடியும் பெருங்காயமும் மட்டும் கொண்டுவந்தால் போதும். த்ராசிமேனோ ஏரிக்கரையில் விளையும் 'ஃபஜொலீனா' என்ற சிறு பயறு நம் காராமணி இனமேதான். அமெரிக்க பீன்ஸ் ஐரோப்பாவுக்கு வருமுன் இங்கே உண்டதும் அந்த இனத்தைத்தான். விலை அதிகம், ஒரு முறையாவது வாங்கி வேகவைத்துப் புது எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். கஸ்தெல்லூச்சோ மலைச் சமவெளியின் பருப்பும் அப்படியே. ரொட்டியில் உப்பே இருக்காது; குறை சொல்லிவிடாதீர்கள். 1540இல் போப்பாண்டவர் விதித்த உப்பு வரியை எதிர்த்துப் பெரூஜா போரிட்டதால் வந்த வழக்கம் என்பார்கள். போர் நடந்தது வரலாறு. ரொட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டது பின்னால் வந்த பேச்சாக இருக்கலாம்.

விசா பற்றிச் சுருக்கமாக. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை ரத்துசெய்யக்கூடிய பதிவாகவே வீட்டை வைத்திருங்கள். வந்து சேர்ந்ததும் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்பார். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அனுப்புவது அவருக்குச் சட்டக் கடமை; தயங்காமல் கொடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் என்ன பயிரிடுகிறீர்கள், இந்த ஆண்டு எப்போது அறுவடை, ரொட்டிக் கடைக்கு நடந்து எத்தனை நிமிடம், கீழ்த்தள அறை உண்டா, நிலையத்திலிருந்து முதல் நாள் அழைத்துப்போக முடியுமா என்று கேளுங்கள். பயிரைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள். மரம் எத்தனை, எந்த வகை, போன ஆண்டு மழை எப்படிக் கெடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதுபவர் கிடைத்தால் அவர் வீட்டிலேயே தங்குங்கள். திரும்பும்போது எண்ணெயை அவரிடமே தகர டப்பாவில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்; கைப்பையில் விமானத்துக்குள் விட மாட்டார்கள். வீட்டில் அடுப்புக்கு அருகிலோ ஜன்னலோரமோ வைக்காமல் அலமாரி இருட்டில் வைத்து, அடுத்த அறுவடைக்குள் தீர்த்துவிடுங்கள். வைன் போல அது வைத்திருந்தால் ஏறும் பொருள் அன்று.